திங்கட்கிழமை 6:10-க்கு ஒரு கேப்டன்

1

இந்தக் கதை இலக்கிய ஆர்வத்தில் பிறந்தது இல்லை. ஒருவருக்குப் போன் பண்ண வேண்டியிருந்தது. பண்ணப் பிடிக்கவில்லை. தள்ளிப்போடுவதற்காக மேசையைத் துடைத்தேன், காப்பி இயந்திரத்தைக் கழுவினேன், யாரும் கேட்காத பழைய அட்டவணைகளை அடுக்கி வைத்தேன். அப்போதும் மணி ஒன்றேகால்தான் ஆகியிருந்தது. வேறு வழியில்லாமல் எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலை பார்ப்பது மினியாபொலிஸ் விமான நிலையத்தை ஒட்டி, ஜன்னல் இல்லாத ஒரு அறையில். கம்பெனியின் பெயர் நார்த் பிரெய்ரி ஏர். பெரிய கம்பெனி ஒன்றின் நிறத்தைப் பூசிக்கொண்டு, பெரிய கம்பெனி போகாத சின்ன ஊர்களுக்குப் பறக்கும் ஐம்பது இருக்கை விமானங்கள் எங்களுடையவை. எந்த விமானத்தை எந்த விமானி ஓட்டுவது என்று ஆள் போடுவது என் வேலை. பதினேழு வருஷமாக இதே நாற்காலி. திருநாவுக்கரசு என்ற பெயரை முழுதாகச் சொல்ல இங்கே யாருக்கும் நேரமில்லை. ஆங்கில முதல் எழுத்தை மட்டும் வைத்து 'டீ' என்பார்கள்.

கதைக்கு மூன்று தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"மார்லிஸ் ஹாகன் விமானத்தை இறக்கியபோது ஓடுபாதை முழுக்கப் பனி—"

வேண்டாம். விமானி கதை என்றால் ஆபத்தான தரையிறக்கம் ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறவர்கள் விமானிகளோடு பழகாதவர்கள். மார்லிஸ் இருபத்துமூன்று வருஷத்தில் ஒருமுறைகூடப் பரபரப்பாக இறங்கியதில்லை.

"ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தி புதுக் கம்பெனியில் கடைசி ஆளாகப் போய்ச் சேருவது என்பது—"

இது விஷயத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. ஆனால் கட்டுரை வாடை அடிக்கிறது.

"போன் அடித்தால் எடுத்துவிடுவது மார்லிஸின் கெட்ட பழக்கம்."

இது இருக்கட்டும்.

2

போன் அடித்தால் எடுத்துவிடுவது மார்லிஸின் கெட்ட பழக்கம். மற்ற விமானிகள் விடுமுறை நாளில் எங்கள் அறையின் எண்ணைத் திரையில் பார்த்தால் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் புல் வெட்டப் போய்விடுவார்கள். தப்பில்லை. விதியே அப்படித்தான் இருக்கிறது: ஆள் கிடைத்தால்தான் வேலை கொடுக்க முடியும். போனை எடுத்தவன் மாட்டினான். எடுக்காதவனை ஒன்றும் செய்ய முடியாது.

மார்லிஸ் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவாள். அவள் வீடு வடக்கு டகோட்டாவில் எல்க் ஃபோர்டு என்ற ஊரில். கணவன் லைல் அங்கே தானியக் கிடங்கில் மேலாளர். ஊரின் விமான நிலையத்தில் ஒரே ஒரு வாசல். அதன் வழியாக நாளுக்கு இரண்டு விமானம். காலை 6:10-க்குக் கிளம்புவது பெரும்பாலும் மார்லிஸ் ஓட்டுவதுதான். அதில் ஏறுகிறவர்களில் பாதிப் பேரை அவளுக்குப் பெயரோடு தெரியும். யார் பேத்தியைப் பார்க்கப் போகிறார், யார் ரோச்செஸ்டருக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்ளப் போகிறார் என்பது வரை தெரியும். விமானம் ரத்தானால் அவர்கள் ஐந்தரை மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும் என்பதும் தெரியும். அதனால் எடுப்பாள்.

(இங்கே அவளை நல்லவளாகக் காட்ட ஆசைப்படுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். இல்லை. அவளுக்கே இந்தப் பழக்கம் பிடிக்காது. லைல் இரண்டு முறை அவள் போனைப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறான்.)

3

முந்தாநாள், புதன்கிழமை, அடித்த போன் எங்களுடையது இல்லை. பெரிய கம்பெனியிலிருந்து. பெயர் சொல்லமாட்டேன், நீங்கள் நினைக்கும் எந்தப் பெரிய கம்பெனியாகவும் இருக்கட்டும். வரும் திங்கட்கிழமை தொடங்கும் புதியவர்கள் வகுப்பில் ஒருவர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார், ஒரு இடம் காலி, வருகிறீர்களா என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் வேண்டும். இல்லையென்றால் அடுத்த காலியிடம் நான்கு வாரம் கழித்து.

நான்கு வாரம்தானே என்று வெளியாட்கள் கேட்பார்கள்.

(அடிக்குறிப்பு. பக்கத்தின் அடிவரை போகப் பொறுமையில்லாததால் இங்கேயே: எங்கள் தொழிலில் ஒரு விமானிக்கு முகம் இரண்டாவது, எண்தான் முதலாவது. பணிமூப்பு எண். எந்தத் தேதியில் சேர்ந்தாரோ அதை வைத்து எண். எண்ணை வைத்துத்தான் ஊர், லீவு, விமானம், கேப்டன் நாற்காலி எல்லாம். கம்பெனி மாறினால் எண்ணைக் கூடவே எடுத்துப்போக முடியாது. இருபது வருஷம் கேப்டனாக இருந்தவரும் அங்கே கடைசியில் போய் நிற்க வேண்டும். ஒரே வகுப்பில் சேருகிறவர்களுக்குள் வயதில் மூத்தவருக்கு முதல் எண். அது ஒன்றுதான் கிழடுகளுக்குக் கிடைக்கும் மரியாதை. அறுபத்தைந்தில் எல்லோரும் வீட்டுக்கு.)

பெரிய கம்பெனியில் இப்போது வாரம் ஐம்பது பேரை எடுக்கிறார்கள். நான்கு வாரம் என்றால் இருநூறு பேர். அந்த இருநூறு பேரும் மீதிப் பதின்மூன்று வருஷமும் மார்லிஸுக்கு முன்னால்தான் நிற்பார்கள். எங்கள் கம்பெனியில் அவள் எண் 3. கேட்ட நாள் லீவு, மாலையில் வீடு. ஆனால் கேப்டன்கள் போய்க்கொண்டே இருப்பதால் எங்கள் விமானங்கள் ஒவ்வொன்றாக, ஓட்ட ஆளில்லாத விமானங்களைப் போட்டுவைக்கும் பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்தப்படுகின்றன. போன வருஷம் நூற்றிருபது கேப்டன்கள். இன்றைக்கு அறுபத்தொன்று. மூடப்போகும் கடையில் மூன்றாவது ஆளாக இருந்து என்ன லாபம்?

இதையெல்லாம் சொன்னாலும் ஒன்று விட்டுப்போகிறது. அவளுக்குப் பெரிய விமானம் ஓட்ட ஆசை. இருபது வயதில் வந்த ஆசை. அவ்வளவுதான்.

அப்படியானால் முன்பே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போகத்தான் இருந்தாள். 2007 நவம்பர் கடைசியில் அவளுக்கு வகுப்புத் தேதி வந்தது. முப்பத்தேழு வயது. அந்தச் சமயம் ஆள் போடும் ஷெட்யூலிங் அறையிலிருந்து ஒருவன் போன் பண்ணி, கிறிஸ்துமஸ் முடியும்வரை கேப்டன்களுக்குத் தட்டுப்பாடு, ஜனவரி வகுப்புக்குப் போகக்கூடாதா, ஒரு மாசம்தானே என்று கேட்

இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. 'ஒருவன்' என்று எழுதிவிட்டு அதற்கு மேல் கை ஓடவில்லை.

நான்தான். நான்தான் போன் பண்ணினேன். தலைமை விமானி வெர்ன் ஸ்டாடெல் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நீ கேளு, உனக்குன்னா இல்லன்னு சொல்லமாட்டா" என்றார். நான் கேட்டேன். 'ஒரு மாசம்தானே' என்பது என் வாயிலிருந்து வந்த வார்த்தை. சரி என்றாள்.

டிசம்பரில் சட்டம் மாறியது. விமானிகள் அறுபதில் ஓய்வு பெற வேண்டும் என்பது அறுபத்தைந்து ஆனது. இனி ஐந்து வருஷத்துக்கு, மேலே இருக்கும் ஒரு நாற்காலியும் காலியாகாது. ஜனவரி வகுப்பை ரத்து செய்தார்கள். பிறகு எண்ணெய் விலை ஏற்றம், பிறகு பொருளாதார மந்தம். நவம்பர் வகுப்பில் சேர்ந்தவர்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள்தான், ஆனால் எண் அவர்களுடையதாகவே இருந்தது. திரும்பக் கூப்பிட்டபோது போய் உட்கார்ந்தார்கள். இன்றைக்கு அவர்களில் சிலர் கடல் தாண்டிப் பறக்கும் கேப்டன்கள். மறுபடி ஆள் எடுக்க ஆரம்பித்தபோது மார்லிஸுக்கு நாற்பத்தைந்து. இங்கே எண் 11. நல்ல லீவு, வீட்டுச் சாப்பாடு. அடுத்த வருஷம் பார்க்கலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று போய்விட்டது.

சட்டம் மாறப்போகிறது என்ற பேச்சு அந்த நவம்பரிலேயே எங்கள் அறையில் அடிபட்டது. மார்லிஸின் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் கேட்டது நான்.

4

நேற்று, வியாழக்கிழமை காலை, எல்க் ஃபோர்டில் விமானத்தின் இறக்கையில் படிந்த பனியை உருக்கும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. விமானி அறையில் மார்லிஸும் துணை விமானி கோல்ட்டன் ரைமரும் நாற்பது நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். இந்தக் காட்சியை எனக்குச் சொன்னது கோல்ட்டன். இடைவெளிகளை நான் நிரப்பியிருக்கிறேன்.

கோல்ட்டன் மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடுப்பில் சுட்ட முந்தின நாள் ஹாட்டிஷைச் சில்லென்றே தின்றுகொண்டிருந்தான்.

"அத சூடு பண்ணித் தின்னா என்னடா? பாக்கவே வயித்தக் கலக்குது," என்றாள் மார்லிஸ்.

"எங்கம்மா செஞ்சா எப்படி இருந்தாலும் தின்னலாம், கேப்டன். நீங்க பேச்ச மாத்தாதீங்க. திங்கக்கிழமை போறீங்களா இல்லையா?"

"யாரு சொன்னா?"

"பெட்டி ஏத்துறவன் சொன்னான். அவனுக்கு லைல் சொன்னாராம்."

"இந்த ஊர்ல தும்முனாக்கூட பக்கத்து ஊர்ல 'நூறு வயசு'ம்பாங்க."

"போங்க கேப்டன். நீங்க போனா உங்களுக்குக் கீழ இருக்கிற எல்லாருக்கும் ஒரு நம்பர் ஏறும். டோனட் வாங்கி வச்சுக் கொண்டாடுவோம்."

"உன்ன நெனச்சியா? நான் போனா வெர்ன் உன்னத்தான் இடது பக்கம், கேப்டன் நாற்காலியில உக்கார வைப்பாரு."

கோல்ட்டன் கொஞ்ச நேரம் கரண்டியால் டப்பாவின் மூலையைச் சுரண்டினான்.

5

கோல்ட்டனைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

முதல் வரைவில் அவனைச் சோம்பேறியாக எழுதியிருந்தேன். முப்பத்துநான்கு வயது, கேப்டன் ஆவதற்கு வேண்டிய அளவு பறந்த மணி நேரம் இருக்கிறது, மூன்று முறை கேட்டும் மாட்டேன் என்றுவிட்டான். அவனைப் போல இன்னும் நாற்பது பேர். கேப்டன் தட்டுப்பாடு என்கிறார்களே, அது உண்மையில் இதுதான்: துணை விமானிகள் இருக்கிறார்கள், நாற்காலியை மாற்றிக்கொள்ளத்தான் ஆளில்லை. 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று ஒரு பத்தி எழுதி, அழித்துவிட்டேன்.

விஷயம் வேறு. துணை விமானிகளில் அவன் மூத்தவன். கேட்ட சனி, ஞாயிறு லீவு கிடைக்கும். கேப்டன் ஆனால் கேப்டன்களில் கடைக்குட்டி. எப்போது கூப்பிடுவார்கள் என்று பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஃபார்கோவில் அவன் மகள் இருக்கிறாள், ஆறு வயது. மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறு அவளை அவனிடம் விட கோர்ட்டு உத்தரவு. அந்த நாளில் அவன் போகவில்லையென்றால் உத்தரவு கோர்ட்டில் கிடக்கும், மகள் ஜன்னலில் நிற்பாள்.

இதெல்லாம் தெரிந்துதான் டப்பாவை மூடிவிட்டு அவன் சொன்னானாம்: "என் கத எனக்கு. நீங்க போனத் தூக்கி வச்சுட்டுப் போங்க, கேப்டன். ஒரு தடவையாவது."

சோம்பேறி இப்படிப் பேசமாட்டான். என் தப்புதான்.

ஆள் பற்றாக்குறையை எழுத்தாளனாவது தீர்க்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. உடனே இதை எழுதினேன்:

"அப்போதுதான் நீண்ட மருத்துவ லீவு முடிந்து ஹார்லன் ப்ரூக் திரும்பி வந்தார். ஐம்பத்தெட்டு வயது, கேப்டன், மனைவியை இழந்தவர். எல்க் ஃபோர்டு விமான நிலையத்திலிருந்து மூன்று மைலில் வீடு. அதிகாலை வேலை என்றால் அவருக்கு உயிர். 'திங்கட்கிழமை 6:10 எனக்குக் கொடுங்கள்' என்று அவராகவே—"

வெட்கமாக இருக்கிறது. வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், வீட்டோடு ஒரு கேப்டன். பதினேழு வருஷத்தில் அப்படி ஒருவர் என் திரையில் வந்ததே இல்லை. ஹார்லன் ப்ரூக்கை அடித்துவிடுகிறேன். நீங்களும் மறந்துவிடுங்கள்.

6

இன்று பன்னிரண்டு மணிக்கு வெர்ன் வந்தார். அறுபத்திரண்டு வயது, இப்போதும் அதே இடத்தில், என் நாற்காலிக்குப் பின்னால்தான் வந்து நிற்பார்.

"மார்லிஸ் நேத்து என்கிட்ட வந்தா. திங்கக்கிழமை எப்படிச் சமாளிப்பீங்கன்னு கேட்டா. போறேன்னு சொல்லல, இருக்கேன்னும் சொல்லல."

"அவ அப்படித்தான்."

"ரிசர்வ்ல யாரும் இல்லையா?"

"மூணு பேர். மூணு பேருக்கும் வேற விமானம் போட்டாச்சு. மீதி இருக்கிறவங்க போன எடுக்கமாட்டாங்க."

"எல்க் ஃபோர்டு இந்த மாசம் ஏற்கனவே ரெண்டு தடவ ரத்து. இன்னொண்ணு ஆச்சுன்னா பெரிய கம்பெனிக்காரங்க அந்த ஊரையே லிஸ்ட்ல இருந்து தூக்கிருவாங்க. அவ ஊரு. அத அவகிட்ட எடுத்துச் சொல்லு."

"வெர்ன், நீங்களே பேசுங்களேன்."

"நான் பேசினா அது முதலாளி பேச்சு. நீ பேசினா நடக்கும். நாலு வாரம்தானே, டீ."

அவர் கெட்டவர் இல்லை. இதையும் எழுதியாக வேண்டும். காலியான கட்டங்களை நிரப்பி நிரப்பி, மனிதர்களைக் கட்டங்களாகப் பார்க்கப் பழகிவிட்டவர். நானும்தான்.

7

மணி நான்கு பத்து. முடிவுகளை வரிசையாக வைக்கிறேன்.

முதல் முடிவு: அவள் போகிறாள். ஞாயிறு மதியம் பயணியாக ஏறி, திங்கள் எட்டு மணிக்கு வகுப்பில் உட்காருகிறாள். ஐம்பது பேரில் மூத்தவள், வகுப்பில் முதல் எண். இங்கே 6:10 ரத்து. நாற்பத்தொரு பேர் பஸ்ஸில். வசந்தத்துக்குள் எல்க் ஃபோர்டின் அந்த ஒரே வாசலும் மூடுகிறது. ஊரில் சிலர் லைலிடம் பேசுவதை நிறுத்துகிறார்கள்.

இரண்டாம் முடிவு: அவள் இருந்துவிடுகிறாள். திங்கள் 6:10 சரியாகக் கிளம்புகிறது. மூன்றாம் வாரம் பெரிய கம்பெனி ஆள் எடுப்பதை நிறுத்து

இதை எழுதமாட்டேன். ஒருமுறை எழுதியது போதும்.

இதற்குள் கதைக்குள்ளிருந்து மார்லிஸ் தலையை நீட்டி, "டீ, நீ கத எழுதுறியா, இல்ல போன் பண்ண தைரியம் வராம ஒளிஞ்சுகிட்டு இருக்கியா?" என்று கேட்கிறாள். நானாகக் கேட்க வைத்ததுதான். அடுத்த முடிவுக்குப் போகிறேன்.

மூன்றாம் முடிவு: நான் போன் பண்ணவே இல்லை. வெர்ன் கேட்டால், எடுக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அவள் எடுக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

8

நாலு முப்பத்தெட்டுக்கு என் மேசைப் போன் அடித்தது. திரையில் எல்க் ஃபோர்டு எண். இந்தப் பகுதியை நான் கற்பனை செய்யவில்லை. கவிழ்த்து வைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எடுத்தேன்.

"இங்க நாலு அங்குலம் பனி விழுந்திருக்கு," என்றாள் மார்லிஸ். "அங்க?"

"இந்த ரூம்ல ஜன்னல் இல்ல, மார்லிஸ்."

"பதினேழு வருஷமா இதையே சொல்ற. எந்திரிச்சுப் போய்ப் பாக்கிறதுக்கு என்ன?"

"போன் வந்துடுமே."

சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

"திங்கக்கிழமை ஆறு பத்துக்கு என் எடத்துல போட ஆள் இருக்கா?"

இல்லை என்று சொன்னால் போதும். அது உண்மை. அதற்குப் பிறகு நான் எதையும் கேட்கவே வேண்டாம், அவளே சரி என்பாள். எனக்கு நன்றாகத் தெரியும். 2007-இல் பேச வேண்டியிருந்தது. இன்றைக்கு உண்மையை மட்டும் சொன்னால் போதும்.

"இருக்கார்," என்றேன்.

"யாரு?"

"ஹார்லன் ப்ரூக்."

எங்களிடம் மிச்சமிருப்பது அறுபத்தொரு கேப்டன்கள். அறுபத்தொரு பேரையும், அவர்கள் வீட்டு நாய்களின் பெயரையும்கூட மார்லிஸ் சொல்வாள். பட்டியலில் அவளுக்கு மேலே இரண்டே பேர். மற்ற எல்லோரும் அவள் கண்முன் சேர்ந்தவர்கள்.

"ஹார்லனா," என்றாள்.

"ஆமா. மருத்துவ லீவு முடிஞ்சு வந்துட்டார். ஏர்போர்ட்லேந்து மூணு மைல்லதான் வீடு." என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "காலை வேலைன்னா அவருக்கு உயிர்."

அவள் சமையலறைக் கடிகாரம் எனக்குக் கேட்டது.

"நல்ல மனுஷன்," என்றாள் மார்லிஸ். "அவரோட நான் பறந்திருக்கேன். காப்பி கொஞ்சம் திக்கா கேப்பார். கோல்ட்டன்கிட்ட சொல்லி வை."

வைத்துவிட்டாள்.

ஹார்லன் ப்ரூக்குக்குக் காப்பிப் பழக்கம் நான் கொடுத்தது இல்லை. மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். அது அவள் சேர்த்தது.

9

இப்போது ஐந்து அடித்து ஏழு நிமிஷம். அவள் பெரிய கம்பெனிக்கு என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. ஞாயிறு மதியம் பெட்டியோடு கிளம்பலாம். அல்லது திங்கள் விடிவதற்கு முன் சீருடை போட்டுக்கொண்டு, ஹார்லன் வந்துவிட்டாரா என்று பார்க்க அந்த ஒற்றை வாசலுக்கு வந்து நிற்கலாம். இரண்டும் அவள் செய்யக்கூடியதுதான். கேட்டுத் தெரிந்துகொள்ளமாட்டேன்; அவள் எண்ணை நான் இனி அழுத்துவதாக இல்லை.

திரையில் திங்கட்கிழமை 6:10-ஐத் திறந்தேன். ஹாகன் என்பதை எடுத்துவிட்டு ஹார்லன் ப்ரூக் என்று அடித்தேன். கணினி மறுக்கவில்லை. அவருடைய பணிமூப்பு எண்ணைத்தான் கேட்கிறது.

வெர்ன் கதவைத் திறக்கும் சத்தம் கேட்கிறது. நாற்பத்தொரு பேர் சீட்டு வாங்கியிருக்கிறார்கள். எண்ணுக்கான கட்டம் காலியாக இருக்கிறது. எண் தெரிந்தால் நீங்கள் உட்கார்ந்து அடியுங்கள். நான் எழுந்து, வெளியே பனி எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பார்க்கப் போகிறேன்.